சுடுதண்ணீர்ச் சபையும் பச்சைத்தண்ணீர்ச் சபையும்

என் சின்னக்காவின் வீட்டுக்காரர் பிளம்பர். எந்தக் கோளாறைச் சொன்னாலும், முழுதாகக் கேட்பதற்குள், "ஒரு வாஷர் போட்டா சரியாயிடும்" என்பார். குழாய் ஒழுகினாலும் அதே பதில், கதவு கிரீச்சிட்டாலும் அதே பதில், எனக்கும் என் மாமியாருக்கும் ஒத்துவரவில்லை என்று போய் அழுதாலும் அதே பதில். அதனால் ஊரே அவரை வாஷர் என்றுதான் கூப்பிடும். நான் மட்டும் மரியாதைக்கு ஓர் அத்தானைச் சேர்த்து வாஷர் அத்தான் என்பேன்.

நான் போர்டு கடை வைத்திருக்கிறேன். ஃப்ளெக்ஸ், ஸ்டிக்கர், விளக்கு எரியும் எழுத்து எல்லாம் செய்வேன். உண்மையைச் சொன்னால் என் தொழிலைத் தூக்கி நிறுத்தியது கடைகளோ கம்பெனிகளோ இல்லை, சபைகள்தான். கடைக்காரர் ஒரு தடவை போர்டு வைத்தால் வெயிலில் வெளுத்துப்போகும்வரை என் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். சபை அப்படி இல்லை. ஒன்று இரண்டாகும், இரண்டு மூன்றாகும், மூன்றும் என்னிடம்தான் வரும். வருகிறவர்கள் பெயருக்கு முன்னால் 'ஆதி' என்றோ 'மெய்' என்றோ சேர்க்கச் சொல்வார்கள். 'புதிய' என்று போடச் சொல்லி இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

வாஷர் அத்தான் பிறந்தது மணிக்கூண்டு வைத்த பழைய சபையில். கைக்குழந்தையாக இருந்தபோதே தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு அவர் போட்ட அலறலில் பாட்டே நின்றுவிட்டதாம். நம்பமாட்டீர்கள், காலையிலிருந்து மாலைவரை தண்ணீரில் கிடக்கிற அந்த மனிதருக்குத் தலை முழுகுவதென்றால் இன்றைக்கும் குலைநடுக்கம். குளிக்கும்போதுகூட ஒரு குவளை ஊற்றிக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த குவளையை எடுப்பார்.

எங்கள் குடும்பமோ முழுக்கு ஞானஸ்நானச் சபை. டயர் கடைக்கு மேலே ஒரு மாடி ஹால். விவரம் தெரிந்த வயதில் மனம் திரும்பி, தண்ணீரில் முழுசாக மூழ்கி எழுந்தால்தான் ஞானஸ்நானம். குழந்தைக்குத் தெளித்ததெல்லாம் செல்லாது. கல்யாணப் பேச்சு வந்தபோது எங்கள் போதகர் தயங்கினார். பெரியக்காதான் முன்னால் நின்று, "நல்ல மனுஷன், கெட்ட பழக்கம் எதுவும் இல்ல. கல்யாணம் முடியட்டும், ஞானஸ்நானம் பின்னால எடுத்துக்குவார். நான் பொறுப்பு" என்றாள். அந்தப் 'பின்னால' இருபது வருஷமாகியும் வரவில்லை.

சின்னக்கா நச்சரிக்கும்போதெல்லாம் அத்தான், "எனக்குத்தான் ஏற்கனவே ஆயிடுச்சே. நல்லா ஓடுற லைனை எதுக்குப் பிரிச்சு மறுபடி போடணும்?" என்பார். "தெளிச்சா போதும்னா அப்புறம் எதுக்கு தினம் குளிக்கிறீங்க?" என்பாள் அவள். உடனே அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். ஞாயிறுதோறும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். முழுக்கு எடுத்தவர்களுக்கு மட்டும் என்று அப்பம் வைத்த திருவிருந்துத் தட்டு வரும்போது தான் எடுக்காமல் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிடுவார். அதைப் பார்த்துப் பெரியக்கா ஒவ்வொரு தடவையும் மூக்கை உறிஞ்சுவாள்.

வேலை என்று வந்துவிட்டால் அத்தானுக்கு எல்லாச் சபையும் ஒன்று. எந்தக் கோயிலில் குழாய் ஒழுகினாலும் அவருக்குத்தான் ஆள் வரும். அப்படிப் போன இடத்தில் எல்லாம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தார். அறிவு வளர்க்கிற ஆசையெல்லாம் இல்லை. மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிற மனுஷன் ஒரு நல்ல பதிலாவது கிடைக்குமா என்று தேடினார். "ஏன் ஐயா, சாமி ஒண்ணு, வேதம் ஒண்ணு. நாம ஏன் இத்தனை சபையாப் பிரிஞ்சு கிடக்கறோம்?"

கத்தோலிக்கப் பங்குத்தந்தை, அத்தான் கைகழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து கிடக்கும்போது பதில் சொன்னார். "நாங்க எங்கயும் போகலப்பா. ஆரம்பத்துல இருந்து இங்கயேதான் இருக்கோம். மத்தவங்கதான் போனாங்க."

தாடி வைத்த ஆர்த்தடாக்ஸ் குருவானவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "அவங்களா அப்படிச் சொன்னாங்க? ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து சொல்ற விசுவாசப் பிரமாணத்துல ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கிட்டாங்க, எங்களைக் கேக்கவே இல்ல. நற்கருணை அப்பத்துல புளிப்பு இருக்கலாமா கூடாதான்னு வேற சண்டை. யாரு பெரியவர்னு வேற சண்டை. போனது அவங்கதான்."

மணிக்கூண்டுச் சபையின் ஐயர் (அங்கே போதகரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), அத்தானின் சொந்தச் சபைக்காரர், இன்னும் பொறுமையாகச் சொன்னார். ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு துறவி, பாவத்துக்கு வரும் தண்டனையைச் சீட்டு விற்றுக் குறைக்கலாமா என்று கேட்டாராம். அவர் சபையைத் திருத்தத்தான் நினைத்தாராம், பிரிய நினைக்கவே இல்லையாம். வெளியே தள்ளியது அவர்களாம். இன்னொரு நாட்டில் ராஜாவுக்கு வேறு கல்யாணம் செய்துகொள்ள அனுமதி கிடைக்காததில் இன்னொரு பிரிவாம். சனிக்கிழமை ஆராதிப்பவர்கள், "ஓய்வுநாளைச் சனியிலருந்து ஞாயிறுக்கு மாத்தினது நாங்க இல்ல" என்றார்கள். எங்கள் போதகர், "நாங்க பிரியல, ஆதிக்குத் திரும்பிட்டோம்" என்றார்.

அத்தான் என் கடைக்கு வந்து தலையைச் சொறிந்தார். "மாப்ள, எல்லாரையும் கேட்டுட்டேன். போனவங்கன்னு ஒருத்தரும் இல்ல. யாருமே போகலன்னா இத்தனை கட்டடம் எப்படி வந்துச்சு?"

"தெரியல அத்தான். ஆனா போர்டு எல்லாம் நான்தான் போட்டேன்" என்றேன்.

இதெல்லாம் வெறும் பேச்சாக இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. எங்கள் சபை மாடியிலேயே ஒரு ஞானஸ்நானத் தொட்டி கட்ட முடிவு செய்தது. அதற்கு முன்னால் ஊருக்கு வெளியே ஆற்றுக்குப் போவோம். குளிர்காலத்தில் போய்வந்தால் பாதிச் சபைக்கு இருமல். தொட்டி வேலை வாஷர் அத்தானுக்கு. பெரியக்காவின் வீட்டுக்காரர், என் பெரியத்தான், எலெக்ட்ரீஷியன். வயதானவர்களுக்கு இதமாக இருக்கட்டும் என்று அவர் ஒரு ஹீட்டரைக் கொண்டுவந்து மாட்டினார். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

சபையில் பாதிப்பேர் குதித்தார்கள். இயேசு ஞானஸ்நானம் எடுத்த யோர்தான் நதியில் ஹீட்டர் இருந்ததா என்று கேட்டார்கள். மறுபாதி, யோர்தானில் ஃபேனும் மைக்கும்கூடத்தான் இல்லை, அதையெல்லாம் கழற்றிவிடலாமா என்று கேட்டது. சின்னக்கா பச்சைத்தண்ணீர்க் கட்சி. "எனக்குக் காய்ச்சலோட ஆத்துல குடுத்தாங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்பாள். பெரியக்கா, முட்டி வலிக்காரி, சுடுதண்ணீர்க் கட்சி. அதுவரை பெரிய சண்டை இல்லை. வாஷர் அத்தான் இரண்டு கட்சிக்கும் நல்லவராக இருக்க நினைத்து, சூடும் பச்சையும் கலந்து வருகிற மாதிரி ஒரு குழாய் போட்டார். கடையில் சிவப்புக் கைப்பிடி தீர்ந்துபோயிருந்தது. இரண்டுக்கும் நீலத்தையே மாட்டிவிட்டு, "இடது பக்கம் சூடு, வலது பக்கம் பச்சை. ஞாபகம் வெச்சுக்கங்க" என்றார். தொட்டிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னார். அந்தப் பக்கமும் ஆட்கள் நிற்பார்கள் என்பது அவர் மூளைக்கு எட்டவில்லை.

தொட்டி திறப்பு நாள். பெரியக்கா யாருக்கும் தெரியாமல் போய்ச் சூட்டுக் குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவைத்தாள். சற்று நேரத்தில் சின்னக்கா, அவளும் யாருக்கும் தெரியாமல், மறுபக்கமாகப் போய்ச் சூட்டை மூடுவதாக நினைத்துக்கொண்டு பச்சைத்தண்ணீரை இறுக்கி மூடிவிட்டாள். போதகர் வெள்ளை அங்கியோடு, கண்ணை மூடி, கையை உயர்த்தி, பாடிக்கொண்டே தொட்டியில் இறங்கினார்.

முழங்கால்வரை இறங்கியிருப்பார். "ஐயோ ஆண்டவரே!" என்று அலறினார். எங்கள் சபையில் அப்படி ஒரு சத்தம் வந்தால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கிவிட்டது. மொத்த ஹாலும் "ஆமென்!" என்று எழுந்தது. போதகர் ஒரு காலைத் தூக்கினார், மறு காலை வைத்தார், அதையும் தூக்கினார். கீபோர்டுக்காரர் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். போதகர் குதிக்கக் குதிக்க நாங்களும் குதித்தோம். "தூக்குங்கய்யா! தூக்குங்கய்யா!" என்று அவர் கத்தினார்; நாங்கள் எல்லோரும் கைகளை இன்னும் உயரத் தூக்கினோம். கடைசி பெஞ்சில் இருந்த வாஷர் அத்தான் ஒருவருக்குத்தான் தண்ணீரிலிருந்து புகை வருவது கண்ணில் பட்டது. ஓடிப்போய் அவரை அலாக்காகத் தூக்கி வெளியே போட்டார். சபையோ, ஞானஸ்நானம் எடுக்காதவனுக்கு மேடையில் என்ன வேலை என்று முறைத்தது.

போதகர் கால்கள் பழுத்துப்போனதோடு தப்பித்தார். அடுத்த ஞாயிறு உட்கார்ந்தபடி பிரசங்கம் செய்து, இது மேலிருந்து வந்த எச்சரிப்பு என்றார். "எச்சரிப்பு இல்ல, தெர்மோஸ்டாட்" என்று பெரியத்தான் எழுந்து சொன்னார். பேச்சு தடித்தது. குளிருமில்லாமல் அனலுமில்லாமல் வெதுவெதுப்பாக இருக்கிறவனைக் கடவுள் வாந்திபண்ணிப்போடுவார் என்கிற வசனத்தை இரண்டு பக்கமும் எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். கடைசியில் ஹீட்டர் வேண்டும் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் போதகர். என் அக்காக்கள் இருவரும் எப்போதும்போல ஒரே பெஞ்சில்தான் இருந்தார்கள். பெரியக்கா கையைத் தூக்கினாள். சின்னக்கா தூக்கவில்லை.

அந்த மாதமே சுடுதண்ணீர்க்காரர்கள் ஹீட்டரைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, தெருவைக் கடந்து, எதிரே மருந்துக் கடை மாடிக்குப் போனார்கள். பெரியத்தான்தான் அங்கே போதகர். எங்கள் குடும்பத்தில் ஒரு போதகர் உருவானது இப்படித்தான். போர்டு சொல்ல என்னிடம் வந்தார். சபை தொடங்கிய வருஷம் என்று பழைய சபையின் வருஷத்தையே போடச் சொன்னார்.

"அது அவங்க வருஷமாச்சே பெரியத்தான். நீங்க பிரிஞ்சு வந்தவங்கதானே?"

"நாங்க பிரியல மாப்ள. அவங்கதான் பிரிஞ்சாங்க."

"படி இறங்கி வந்தது நீங்கதானே?"

"படி இறங்கினது நாங்க. பிரிஞ்சது அவங்க" என்றார் கொஞ்சமும் கூச்சப்படாமல். போட்டுக்கொடுத்தேன். எனக்கென்ன வந்தது?

வந்தது வாஷர் அத்தானுக்குத்தான். அக்காக்கள் இருவரும் எங்கள் அப்பா கட்டிய வீட்டில்தான் இருக்கிறார்கள், பெரியவள் கீழே, சின்னவள் மேலே. அன்றோடு பேச்சு நின்றது. தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் கீழ்வீட்டில். மேல்தொட்டி காலியானால் சின்னக்கா ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுக்கமாட்டாள். கரண்டியால் பைப்பைத் தட்டுவாள். பெரியக்கா காதில் விழாத மாதிரி இருப்பாள். ஊருக்கெல்லாம் தண்ணீர் வரவைக்கிற மனிதர் வீட்டில் பல்துலக்கத் தண்ணீர் இல்லாமல் என் கடைக்கு வாளியோடு வந்தார்.

வாளிகூடப் பெரிய விஷயமில்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் அக்காக்கள் மாடிப்படியில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவார்கள். சின்னவயசிலிருந்து அது அவர்கள் வழக்கம். இப்போது சின்னக்கா மேல்படியிலும் பெரியக்கா கீழ்ப்படியிலும் வெவ்வேறு திசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வாஷர் அத்தான் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "மாப்ள, உங்கக்கா என்னோட சண்டை போடறதைக்கூட விட்டுட்டா. என்ன சமைச்சாலும் தட்டுல அப்படியே இருக்கு. எனக்கு வேற எதுவும் வேணாம்டா. ரெண்டு பேரும் பேசிக்கிட்டாப் போதும்" என்றார். வாஷர் போடலாமே என்று கேலிசெய்ய வாயெடுத்தவன் மூடிக்கொண்டேன். அவர்கள் என் கூடப்பிறந்தவர்கள் ஆயிற்றே.

ஒருநாள் மாலை மாடிப்படியின் நடுவில் போய் நின்றுகொண்டு, இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி அத்தான் சொன்னார்: "நான் ஞானஸ்நானம் எடுக்கலாம்னு இருக்கேன்."

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். இரண்டு அக்காக்களும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"எங்க சபையிலதான்" என்றாள் சின்னக்கா, அவரைப் பார்த்து.

"இருபது வருஷமா இவருக்காக முட்டி போட்டு ஜெபிச்சது யாருன்னு கேளுங்க தம்பி" என்றாள் பெரியக்கா, அவளும் அவரைப் பார்த்து.

"முட்டி வலிக்காரியை யாரு முட்டி போடச் சொன்னாங்கன்னு கேளுங்க."

"கேளு, கேளுன்னு என்னடி? நேரா என்னையே கேளேன்!"

அவ்வளவுதான், மடை திறந்தது. ஒரு வருஷத்துக் கணக்கை இரண்டு பேரும் வட்டியோடு தீர்த்தார்கள். பச்சைத்தண்ணீர், சுடுதண்ணீர், மோட்டார், கரண்டி, சின்னவயசில் ஒருத்தியின் சட்டையை இன்னொருத்தி போட்டுக்கொண்டு போனது வரை வந்தது. வாஷர் அத்தான் நடுப்படியில் நின்று இரண்டு பக்கமும் மாறிமாறித் திரும்பிக்கொண்டிருந்தார். திடீரென்று சின்னக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"தண்ணிக்காகவா நான் உங்கிட்ட பேசல? தண்ணி எக்கேடு கெட்டா எனக்கென்ன? ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தோம். எதுக்குக் கை தூக்கினாலும் என் மூஞ்சியைப் பார்த்துட்டுத்தானே தூக்குவே? அன்னிக்கு என் பக்கம் திரும்பக்கூட இல்ல. நான் ஒருத்தி அங்க இருக்கேன்னே உனக்குத் தோணலயா?"

பெரியக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி ஏறி வந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "பார்த்திருந்தா என் கை எழுந்திருக்காதுடி. அதனாலதான் பார்க்கல."

பெரியக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மோட்டார் போடவா?" என்றாள். "போடு. நேத்துலருந்து சொட்டுத் தண்ணி இல்ல" என்றாள் சின்னக்கா.

அத்தான் என் காதோடு, "அந்தத் தாடிக் குருவானவர் சொன்னாரே மாப்ள, கேக்காம ஒரு வார்த்தை சேர்த்தாங்கன்னு. அப்பவும் ஒருத்தரை ஒருத்தர் திரும்பிப் பார்த்திருக்கமாட்டாங்க போல" என்றார். வேதாகமக் கல்லூரிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்களா என்று எனக்குத் தெரியாது.

சபைகள் மட்டும் ஒன்றாகவில்லை. ஆனால் அக்காக்கள் ஒன்றாகிவிட்டார்கள், அதுவும் அத்தானுக்கு எதிராக. "எப்ப எடுக்கறீங்க? வார்த்தை மாறக்கூடாது" என்று மேலேயும் கீழேயும் ஒரே பாட்டு. அவர்களைப் பேசவைக்க வாயை விட்டவர் வசமாக மாட்டிக்கொண்டார். "சரி, எடுக்கறேன். ஆனா நான் கட்டின தொட்டியில இல்ல. அதோட வால்வு மேல எனக்கே நம்பிக்கை இல்ல. ஆத்துக்குப் போவோம். அப்புறம், எனக்குப் பயமா இருக்கும். ஆளுக்கு ஒரு கையை நீங்க ரெண்டு பேரும் பிடிச்சுக்கணும்" என்றார்.

மணிக்கூண்டுச் சபை ஐயரிடம் மட்டும் முன்னதாகப் போய்ச் சொன்னார். ஐயர் முகம் வாடிவிட்டது. "அப்போ சின்னதுல நாங்க குடுத்தது செல்லாதுன்னு சொல்றியா?"

"செல்லும் ஐயா. நான் அதைக் கழிக்கல. இது என் வீட்டுக்காக."

ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுல எனக்குச் சம்மதம் இல்ல. எங்கிட்ட நீ சொல்லலன்னு வெச்சுக்கறேன்" என்றார். ஆனாலும் அந்த ஞாயிறு ஆற்றங்கரையில், மரத்துக்குப் பின்னால், குடையை விரித்துக்கொண்டு யாரோ ஒருவர் நின்றதை நான் பார்த்தேன்.

கரையில் வலது பக்கம் பச்சைத்தண்ணீர்ச் சபை, இடது பக்கம் சுடுதண்ணீர்ச் சபை. நடுவில் ஒரு லாரி போகிற அளவு இடம் விட்டிருந்தார்கள். எங்கள் பழைய போதகர் காலை ஒன்றுக்கு மூன்று தடவை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்கினார். இரண்டு பெண்கள் கையைப் பிடித்துக்கொள்வது முறையில்லையே என்று இழுத்தார். பெரியக்கா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். பெரியத்தான் கரையில் பைபிளை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கத்து ஆளிடம், வெயில் ஏறிவிட்டது, தண்ணீர் நன்றாகச் சூடாகியிருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம், மலையிலிருந்து வருகிற தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும் என்று பதில் போனது.

அத்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. வலது கையைச் சின்னக்காவும் இடது கையைப் பெரியக்காவும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். அவர் நடுங்கிய நடுக்கத்தில் இருவரும் சேர்ந்து நடுங்கினார்கள். "விடமாட்டீங்கல்ல அண்ணி?" என்றார். "விடமாட்டேன் தம்பி" என்றாள் பெரியக்கா. "நானும் விடமாட்டேன், மூச்சை இழுத்துக்கங்க" என்றாள் சின்னக்கா. போதகர் ஜெபித்து, தலையில் கைவைத்து, அவரைப் பின்னால் சாய்த்தார். மனிதர் முழுசாக உள்ளே போனார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

இருமிக்கொண்டும் துப்பிக்கொண்டும் எழுந்தார். கண்ணைத் திறந்தார். ஸ்தோத்திரம் சொல்வதற்குப் பதிலாக இரண்டு பக்கமும் கப்சிப்பென்று காத்திருந்தது. பெரியத்தானால் அடக்க முடியவில்லை.

"சகலை! தண்ணி எப்படி இருந்துச்சு? சூடா, பச்சையா?"

இரண்டு சபையும் கழுத்தை நீட்டிக் கேட்டது. அத்தான் முகத்தைத் துடைத்துக்கொள்ளப் பார்த்தார். கைகள் இரண்டும் இன்னும் அக்காக்களிடம்தான் இருந்தன. அவர்களை ஒருமுறை மாறிமாறிப் பார்த்தார்.

"தண்ணியை நான் எங்க சகலை கவனிச்சேன்? இவங்க ரெண்டு பேரும் கையை விட்டுடுவாங்களோன்னு அதையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். விடவே இல்ல."